ஐம்பதாம் ஆண்டில் கல்லூரிக்குத் திரும்பியவர்

மலர்க் குழுவினர் என்னிடம் வந்து, யாராவது ஒரு பெரியவருடைய வாழ்க்கையைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். காந்தி, பாரதி, காமராஜர் எல்லாரையும் மற்ற நண்பர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்களாம். சரி, நமக்கு மிஞ்சியது யார் என்று யோசித்தேன். பழைய மாணவர் கூட்டம் என்றதும் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். அவர் தமிழரும் இல்லை, இந்தியரும் இல்லை. ஆனாலும் நம்மில் பெரும்பாலோருக்குப் பழக்கமானவர்தான். பள்ளிக்கூடத்து ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் ஒரு கொல்லனைப் பற்றிய கவிதை, வாழ்க்கை வெறும் கனவல்ல என்று தைரியம் சொல்லும் கவிதை இரண்டையும் நெட்டுருப் போட்டோமே, அவற்றின் அடியில் எச். டபிள்யூ. லாங்ஃபெல்லோ என்று போட்டிருக்கும். அவரேதான்.

அவரைக் கவிஞர் என்று மட்டுமே நமக்குத் தெரியும். ஆனால் அவர் இருபத்தைந்து வருஷம் சாப்பிட்ட சோறு வாத்தியார் வேலை போட்ட சோறு. அதிலும் இங்கிலீஷ் வாத்தியார் அல்ல. ஸ்பானிஷ், பிரெஞ்சு, இத்தாலியன் சொல்லிக்கொடுத்தவர். அமெரிக்கக் கல்லூரிகளில் ஸ்பானிய மொழியையும் இலக்கியத்தையும் ஒரு மாணவன் முறையாகப் படிக்கலாம் என்ற நிலையை உண்டாக்கிய நாலைந்து பேரில் அவரும் ஒருவர். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

வக்கீல் வீட்டுப் பிள்ளை

ஹென்றி வாட்ஸ்வொர்த் லாங்ஃபெல்லோ 1807 பிப்ரவரி 27-ஆம் தேதி அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள போர்ட்லண்ட் என்னும் துறைமுக ஊரில் பிறந்தார். இன்று அது மெய்ன் மாநிலத்தில் இருக்கிறது. தந்தை ஸ்டீஃபன் பெயர் பெற்ற வக்கீல். தாய்வழிப் பாட்டனார் அமெரிக்க விடுதலைப் போரில் படை நடத்திய தளபதி. வசதியான குடும்பம்தான்.

பக்கத்தில் பிரன்ஸ்விக் என்ற சிற்றூரில் போடின் கல்லூரி இருந்தது. தந்தை அதன் நிர்வாகக் குழுவில் இருந்தவர். 1822-இல், பதினைந்து வயதில், ஹென்றி அண்ணனோடு அங்கே போய்ச் சேர்ந்தார். அந்த வகுப்பில் கூடப் படித்த ஒருவர் நத்தானியல் ஹாதார்ன். பின்னாளில் அமெரிக்காவின் தலைசிறந்த நாவலாசிரியர்களில் ஒருவர் ஆனாரே, அவர்தான். கல்லூரியில் இருவருக்கும் நெருக்கம் ஒன்றுமில்லை. 1837-இல் ஹாதார்ன் தன் சிறுகதைத் தொகுதியை அனுப்பிவைக்க, லாங்ஃபெல்லோ அதைப் பாராட்டி மதிப்புரை எழுத, அதற்குப் பிறகுதான் நட்பு கெட்டிப்பட்டது. கல்லூரி நட்பு சில சமயம் கல்லூரியை விட்ட பிறகுதான் ஆரம்பிக்கும். நமக்கும் அது அனுபவம்தானே!

படிப்பு முடிகிற சமயத்தில் வீட்டில் வழக்கமான சச்சரவு வந்தது. இலக்கியமே தன் வாழ்க்கை என்று பையன் கடிதம் எழுதினான். எழுத்தை நம்பிப் பிழைக்கும் அளவுக்கு இந்த நாடு இன்னும் பணக்கார நாடு ஆகவில்லை, சட்டம் படி என்றார் அப்பா. நம்ம ஊர் அப்பாக்கள் சொல்வதிலிருந்து இதில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை பாருங்கள். 1825-இல் 38 பேர் கொண்ட வகுப்பில் நாலாவதாகத் தேறினார் ஹென்றி. பட்டமளிப்பு மேடையில் தன் நாட்டு எழுத்தாளர்களைப் பற்றிப் பேசினார். பேசி முடித்துவிட்டு அப்பாவின் அலுவலகத்தில் சட்டப் புத்தகத்தைப் புரட்ட உட்கார்ந்தார்.

கல்லூரி கொடுத்த வாய்ப்பு

அந்தக் காலத்து அமெரிக்கக் கல்லூரியில் மொழி என்றால் லத்தீனும் கிரேக்கமும்தான். பேசுகிற மொழிகளைக் கல்லூரிப் பாடமாக யாரும் மதிக்கவில்லை. பாட்டு வாத்தியார், நடன வாத்தியார் மாதிரி அதற்கும் ஒரு வாத்தியார், அவ்வளவுதான். அபியல் ஸ்மித் என்ற பாஸ்டன் வியாபாரி, தான் படித்த ஹார்வர்டு கல்லூரியில் பிரெஞ்சும் ஸ்பானிஷும் கற்பிக்க ஒரு பேராசிரியர் வேண்டும் என்று உயில் எழுதி 20,000 டாலர் வைத்துவிட்டு இறந்தார். பழைய மாணவர் ஒருவர் கொடுத்த பணத்தில் ஒரு பாடமே பிறந்தது என்பதைச் சங்கத்து நண்பர்கள் குறித்துக்கொள்ளலாம். அந்த இடத்துக்கு 1817-இல் நியமிக்கப்பட்டவர் ஜார்ஜ் டிக்னர். ஸ்பெயினுக்கே போய்ப் புத்தகங்களைத் தேடிச் சேர்த்த அறிஞர். 1825-இல் தொடங்கிய வர்ஜினியா பல்கலைக்கழகமும் நவீன மொழிகளுக்கு ஒரு பேராசிரியரை வைத்தது.

போடின் கல்லூரிக்கும் அந்த ஆசை வந்தது. பதவி தயார், ஆள்தான் இல்லை. அப்போது நிர்வாகக் குழுவினருக்கு இந்தப் பையன் ஞாபகம் வந்தது. ஹொரேஸ் என்ற லத்தீன் கவிஞரை அவன் மொழிபெயர்த்த அழகில் குழு உறுப்பினர் ஒருவர் சொக்கிப்போனார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, விஷயம் இதுதான்: சொந்தச் செலவில் ஐரோப்பாவுக்குப் போய் மொழிகளைக் கற்றுக்கொண்டு வந்தால் வேலை உனக்கு. பையனுக்கு அப்போது பத்தொன்பது வயதுகூட நிரம்பவில்லை.

சட்டம் படி என்ற அப்பாதான் பணத்தையும் எடுத்து வைத்தார். மூன்று வருஷத்தில் அவர் செலவு செய்தது 2,604 டாலர். அதோடு ஒரு புத்திமதியும் சொன்னார்: தென் அமெரிக்காவின் ஸ்பானிய நாடுகளோடு நமக்கு உறவு பெருகிக்கொண்டு வருகிறது, ஆகவே ஸ்பானிஷும் பிரெஞ்சைப் போலவே முக்கியம், அதை விட்டுவிடாதே. கவிதை வேண்டாம் என்று சொன்ன அந்த வக்கீல்தான் மகனுடைய வாழ்க்கைக்குத் திசை காட்டினார். இதை நினைக்கும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது.

ஸ்பெயினில் எட்டு மாதம்

1826 மே மாதம் கப்பல் ஏறினார். முதலில் பிரான்ஸ். அங்கே மொழி பிடிபட நாளாயிற்று. 1827 மார்ச்சில் மாட்ரிட் போய்ச் சேர்ந்தார். அப்போது ஸ்பெயினுக்குப் போவது லேசான காரியம் இல்லை. ரோடெல்லாம் கொள்ளைக்காரர் பயம். வீட்டாருக்குக் கலக்கம்தான்.

ஆனால் ஸ்பெயின் அவரைச் சேர்த்து அணைத்துக்கொண்டது. மாட்ரிட்டில் ஒரு குடும்பத்தாரோடு தங்கினார். காலை முதல் இரவு வரை காதில் விழுவது ஸ்பானிஷ்தான். அந்தக் குடும்பத்தோடேயே மலையடிவாரத்தில் எல் பார்டில்யோ என்ற கிராமத்தில் போய்த் தங்கினார். விவசாயிகளின் பேச்சு, பண்டிகை, ஆட்டம் பாட்டம் எல்லாம் அருகிலிருந்து பார்த்தார். இலக்கணப் புத்தகத்தில் இதெல்லாம் கிடைக்குமா? பிறகு தெற்கே செவில், காடிஸ், மலாகா. கடைசியில் கிரனாடாவில் மூர் மன்னர்கள் கட்டிய அல்ஹம்பிரா அரண்மனை. ஒரு மொழியைப் படிப்பது என்றால் அந்த மக்களின் வீடு, வயல், கோயில், சரித்திரம் எல்லாவற்றையும் சேர்த்துப் படிப்பது என்பதை அந்த எட்டு மாதத்தில் அவர் தெரிந்துகொண்டார். இன்று பல்கலைக்கழகங்களில் மொழியோடு பண்பாட்டையும் சேர்த்துப் பட்டப் பாடமாக வைக்கிறார்களே, அந்த முறையை ஒரு இருபது வயதுப் பையன் தானாகவே கைக்கொண்டான்.

மாட்ரிட்டில் இன்னொரு பாடமும் கிடைத்தது. அப்போதே புகழ்பெற்றிருந்த அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் அங்கே உட்கார்ந்து கொலம்பஸின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். விடியற்காலை ஆறு மணிக்கு அந்த வழியாகப் போனால் அவர் அறை ஜன்னல் திறந்திருக்குமாம், மனிதர் எழுத உட்கார்ந்திருப்பாராம். எழுத்து என்பது ஏதோ வானத்திலிருந்து குதிப்பதல்ல, தினசரி வேலை என்று இளைஞனுக்கு அங்கே புரிந்தது.

ஸ்பெயினுக்குப் பிறகு இத்தாலி, பிறகு ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகம். பிரெஞ்சும் ஸ்பானிஷும் சரளமாகப் பேசுகிறேன், போர்ச்சுகீசியம் சிரமமில்லாமல் வாசிக்கிறேன், இங்கே ஓட்டலில் என்னை இத்தாலியன் என்றே நினைத்துவிட்டார்கள் என்று அப்பாவுக்குப் பெருமையாகக் கணக்கு ஒப்புவித்தார். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு. 1829-இல் ஊரில் அவருடைய தங்கை எலிசபெத் காச நோயில் இறந்துபோனாள். கடல் கடந்து படிக்கப் போனவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அறுநூறும் எண்ணூறும்

1829 ஆகஸ்டில் ஊர் திரும்பினார். வந்ததும் தகராறு. கல்லூரி கொடுக்க நினைத்த சம்பளம் வருஷத்துக்கு 600 டாலர். செய்யவேண்டிய வேலைக்கு இது காணாது, பதவி வேண்டாம் என்று இருபத்திரண்டு வயது ஆள் கல்லூரித் தலைவருக்கு எழுதிப் போட்டுவிட்டார்! கடைசியில் 800 டாலர் என்று முடிவாயிற்று. நூலகப் பொறுப்புக்கு மேற்கொண்டு 100. அது தினம் ஒரு மணி நேர வேலை. படித்த படிப்புக்கு மரியாதை வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். அப்பா செலவழித்த பணம் ஏறக்குறைய மூன்று வருஷச் சம்பளம் அல்லவா!

வகுப்புக்குள் நுழைந்தால் பாடப் புத்தகம் இல்லை. லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் அலமாரி நிறைய இருந்தது. ஸ்பானிஷுக்கு மாணவன் கையில் கொடுக்கத் தோதாக ஒன்றும் இல்லை. மனுஷன் சளைக்கவில்லை. தானே உட்கார்ந்து தயாரித்தார். பிரெஞ்சு இலக்கணம் ஒன்றை மொழிபெயர்த்தார். 1830-இல் மாணவர்களுக்காக ஸ்பானியக் கதைகளின் சிறு புத்தகம் ஒன்றை அச்சிட்டார். அதில் ஒரு கதை, இர்விங்கின் ரிப் வான் விங்கிள் ஸ்பானிய மலைநாட்டு உடை போட்டுக்கொண்டு வந்தது. தெரிந்த கதையாக இருந்தால் தெரியாத மொழி பயமுறுத்தாது. நல்ல வாத்தியாருக்குத்தான் இந்தச் சூட்சுமம் தெரியும்.

அதே 1830 செப்டம்பரில் பேராசிரியராகப் பதவி ஏற்று அவர் செய்த உரை, தென் ஐரோப்பிய மொழிகள் எப்படித் தோன்றி வளர்ந்தன, அவற்றின் இலக்கியம் என்ன என்பதைப் பற்றியது. வியாபாரத்துக்கும் பிரயாணத்துக்கும் மட்டுமே இந்த மொழிகள் உதவும் என்று நினைத்தவர்களுக்கு அது ஒரு பதில்.

1833-இல் வெளிவந்த மொழிபெயர்ப்புதான் கவிதையில் அவருடைய முதல் புத்தகம். பதினைந்தாம் நூற்றாண்டு ஸ்பானியப் போர்வீரர் ஹோர்ஹே மான்ரிகே, 1476-இல் இறந்த தன் தந்தையை நினைத்துப் பாடிய இரங்கற்பா அது. செல்வம், பதவி, அழகு எதுவும் நில்லாது, நன்றாக வாழ்ந்தவன் பெயர் மட்டும் நிற்கும் என்பது அதன் சாரம். நிலையாமையைப் பாடிய சித்தர்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது அன்னியமாகவே தோன்றாது. இந்தக் கவிதையை மொழிபெயர்த்தபோது அவருக்கு இருபத்தாறு வயது. அதன் அர்த்தம் முழுசாகத் தெரிய இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று.

ராட்டர்டாமில் ஒரு நவம்பர்

1831-இல் மேரி பாட்டர் என்ற தன் ஊர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். 1834 டிசம்பரில் ஹார்வர்டிலிருந்து கடிதம் வந்தது. டிக்னர் விலகுகிறார், ஸ்மித் பெயரிலான அந்தப் பேராசிரியர் பதவிக்கு வருகிறீர்களா, சம்பளம் 1,500 டாலர், அதற்கு முன் மறுபடியும் ஐரோப்பாவில் சில காலம் படித்துவிட்டு வாருங்கள் என்று. பழைய உயில் ஒன்று இந்த இளைஞனின் கதவைத் தட்டியது.

மனைவியோடு புறப்பட்டார். ஜெர்மன், டச்சு, டேனிஷ், சுவீடிஷ் என்று படிப்பு நடந்தது. மேரி அப்போது கர்ப்பிணி. 1835 அக்டோபரில் ஆறாம் மாதத்தில் கரு கலைந்தது. அதற்குப் பிறகு அவள் உடம்பு தேறவே இல்லை. நவம்பர் 29-ஆம் தேதி ஹாலந்தின் ராட்டர்டாம் நகரத்தில் மேரி இறந்துபோனாள். அன்னிய ஊர், அன்னிய மனிதர்கள். உடலைப் பதப்படுத்தி அமெரிக்காவுக்குக் கப்பலில் அனுப்பிவைத்துவிட்டு, ஒப்புக்கொண்ட படிப்பை முடிக்கத் தனியாக ஜெர்மனிக்குப் போனார் அவர்.

1836 முடிவில் ஹார்வர்டில் பதவி ஏற்றார். வாழ்க்கை வெறும் கனவல்ல என்ற அந்தக் கவிதை 1838-இல் எழுதியது. பள்ளிக்கூடத்தில் அது ஏதோ உபதேசம் என்று நினைத்து உருப்போட்டோம். மனைவியைப் பறிகொடுத்த முப்பது வயது வாத்தியார், எழுந்து வேலைக்குப் போகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டது என்று தெரிந்து படித்தால் அதன் கனம் வேறு.

பேராசிரியரின் அலுப்பு

ஹார்வர்டில் அவர் பதினெட்டு வருஷம் இருந்தார். வெவ்வேறு மொழிகளுக்கு நான்கு வெளிநாட்டு ஆசிரியர்கள். அவர்களை மேற்பார்வை பார்ப்பது, இலக்கியம் பற்றிச் சொற்பொழிவு செய்வது இவர் வேலை. டாண்டேயும் கதேயும் அவர் வகுப்பில் உயிர் பெற்றார்கள். ஆனால் பிரெஞ்சு ஆசிரியர் யாராவது விட்டுவிட்டுப் போனால் அந்தப் பாலபாடத்தையும் இவரே எடுக்க வேண்டும். கவிதைக்கு நேரம் போச்சே என்று நாட்குறிப்பில் புலம்பியிருக்கிறார். ஒளிப்பானேன், வேலை அவரை அலுக்க வைத்தது என்பதுதான் உண்மை.

ஆனால் பாடம் அலுக்கவில்லை. செர்வாண்டிஸின் கதை ஒன்றிலிருந்து கரு எடுத்து, அல்காலா பல்கலைக்கழக மாணவன் ஒருவனுக்கும் ஒரு ஜிப்சி நடனப் பெண்ணுக்கும் ஏற்பட்ட காதலை ‘ஸ்பானிய மாணவன்’ என்று நாடகமாக எழுதினார். 1843-இல் அது புத்தகமாயிற்று. அதே வருஷம், ஏழு வருஷம் காத்திருந்து, ஃபேனி ஆப்பிள்டன் என்ற பெண்மணியை மணந்தார். 1845-இல் பத்து ஐரோப்பிய மொழிகளின் கவிதைகளைத் திரட்டி ஆங்கிலத்தில் ஒரு பெருந்தொகுப்பு கொண்டுவந்தார். ஸ்பானிஷ் வகுப்புக்கே வராதவன் வீட்டிலும் ஸ்பானியக் கவிதை போய்ச் சேர்ந்தது.

1854-இல் வேலையை விட்டார். அதற்குள் எழுத்தால் பிழைக்க முடியும் என்ற நிலை வந்துவிட்டது. அடுத்த ஆண்டு வந்த ‘ஹயவாதா’ புகழின் உச்சிக்குக் கொண்டுபோயிற்று.

1861 ஜூலை 9-ஆம் தேதி மறுபடியும் இடி விழுந்தது. வீட்டில் ஃபேனியின் உடையில் தீப்பற்றிக்கொண்டது. அணைக்கப் போன இவருக்கும் கையும் முகமும் வெந்தன. மறுநாள் ஃபேனி இறந்தார். படங்களில் நாம் பார்க்கும் அந்த வெள்ளைத் தாடி, முகத்தில் தழும்பு இருந்ததால் சவரம் செய்ய முடியாமல் விட்ட தாடி. துக்கத்தில் சொந்தமாக எழுத முடியாதபோது, மொழிபெயர்ப்புதான் அவரைத் தாங்கியது. டாண்டேயின் மகா காவியத்தை இத்தாலியனிலிருந்து முழுவதும் ஆங்கிலமாக்கி 1867-இல் வெளியிட்டார். இருபது வயதில் வேலைக்காகக் கற்ற மொழி, அறுபது வயதில் உயிரைப் பிடித்து நிறுத்தியது.

மறுபடியும் பிரன்ஸ்விக்

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். 1875-இல், 1825-ஆம் வருஷத்து வகுப்பின் ஐம்பதாம் ஆண்டு. போடின் கல்லூரியில் கூட்டம். கவிதை வாசிக்க வேண்டும் என்று பழைய தோழர்கள் கேட்டார்கள். மேடை என்றாலே அவருக்கு ஆகாது, எத்தனையோ பெரிய அழைப்புகளை மறுத்தவர். ஆனால் கூடப் படித்தவர்கள் கேட்டால் மறுக்க முடியுமா? அப்போது கல்லூரித் தலைவராக இருந்தவர் ஜாஷுவா சேம்பர்லின். அவரும் அதே கல்லூரியில் நவீன மொழிப் பேராசிரியராக இருந்தவர். 1862-இல் மொழி படிக்க ஐரோப்பா போக விடுப்புக் கிடைத்தும், போகாமல் உள்நாட்டுப் போரில் சேர்ந்து தளபதியானவர்.

ஜூலை 7-ஆம் தேதி ஊர்த் தேவாலயத்தில் அந்தக் கவிதை வாசிக்கப்பட்டது. சாகப்போகிற நாங்கள் வணங்குகிறோம் என்று ரோமானிய வாள்வீரர்கள் மன்னனுக்குச் செய்த வணக்கத்தையே தலைப்பாக வைத்தார். ஊருக்கும் மரங்களுக்கும் வணக்கம் சொன்னார். ஆசிரியர்களை நினைத்தார். பாக்கர்டு என்ற ஒருவரைத் தவிர எல்லாரும் போய்விட்டார்கள். இளம் மாணவர்களை வாழ்த்தினார். கடைசியாகத் தன் வகுப்புத் தோழர்களிடம் திரும்பினார். முப்பத்தெட்டுப் பேரில் எஞ்சியிருந்த சிலரும் கிழவர்கள். ஹாதார்ன் இறந்து பதினொரு வருஷம் ஆகியிருந்தது.

அந்தக் கிழவர்களுக்கு அவர் சொன்னது ஆறுதல் அல்ல, ஒரு கட்டளை மாதிரி. எண்பது வயதில் கிரேக்கம் படித்த கேட்டோவை ஞாபகப்படுத்தினார். முதுமையில் தம் சிறந்த நூல்களை எழுதிய பெரியவர்களின் பெயர்களைச் சொன்னார். வேலை முடிந்துவிடவில்லை, முதுமையும் ஒரு வாய்ப்புத்தான் என்றார்.

சொன்னபடி தானும் எழுதிக்கொண்டிருந்தார். பின்னாளில் அவர் எழுதிய கவிதைகளில் ஒன்று இளமையில் பார்த்த ஸ்பெயினைப் பற்றியது. அங்கே அவர் இரண்டாம் முறை போகவே இல்லை. எட்டு மாதம் பார்த்ததே ஐம்பது வருஷத்துக்குப் போதுமானதாக இருந்தது. 1882 மார்ச் 24-ஆம் தேதி எழுபத்தைந்து வயதில் காலமானார்.

நமக்கு என்ன?

அவருக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்த டிக்னர், 1849-இல் ஸ்பானிய இலக்கிய வரலாற்றை மூன்று பாகங்களாக எழுதினார். அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் ரஸ்ஸல் லோவல், 1877-இல் அமெரிக்கத் தூதராக மாட்ரிட்டுக்கே போனார். இன்று அமெரிக்கக் கல்லூரிகளில் மிக அதிகம் பேர் படிக்கும் அன்னிய மொழி ஸ்பானிஷ்தான். பாடப் புத்தகம்கூட இல்லாமல் லாங்ஃபெல்லோ வகுப்பெடுத்த அதே போடின் கல்லூரியில், ஸ்பானிய மொழியும் அந்த மொழி பேசும் மக்களின் பண்பாடும் சேர்ந்த பட்டப் பாடம் இருக்கிறது. ஸ்பெயின் மட்டுமல்ல, மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரை அதில் அடக்கம். வக்கீல் அப்பா 1826-இலேயே கணித்துச் சொன்னது பலித்துவிட்டது.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, மொழிப் பாடம் எடுத்தவர்களைப் பார்த்து, இதைப் படித்து என்ன பண்ணப்போகிறாய் என்று கேட்காத சொந்தக்காரர்கள் கிடையாது. இந்த வரலாற்றில் அதற்குச் சுலபமான பதில் ஒன்றும் இல்லை. அந்தப் படிப்பு அவருக்குப் பெரிய சம்பளம் கொடுக்கவில்லை. தங்கையின் கடைசி முகத்தையும் மனைவியையும் அந்தப் பயணங்களில்தான் அவர் இழந்தார். வேலை அலுத்தது. ஆனால் படித்த பாடம் மட்டும் கடைசி வரை கைவிடவில்லை. எந்தப் பாடத்தை எடுத்தாலும், வேலையை விட்ட பிறகும் உங்களோடு வரக்கூடிய பாடமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

என் வகுப்புத் தோழர்களே, நமக்கும் தலை நரைத்துவிட்டது. முழங்கால் வலி, சர்க்கரை என்று பேச ஆரம்பித்தால் கூட்டம் முடிந்துவிடும். இந்த வருஷம் வரும்போது, புதிதாக ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்துவிட்டு வாருங்கள். சாப்பாட்டுப் பந்தியில் அதைப் பற்றிப் பேசிக்கொள்வோம்.